மூன்றாவது குழாயடியில் நின்ற பெயர்கள்

பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி, வெளிநாட்டுக்குப் போகிற ஷூக்களுக்கு மேல்தோல் தைத்துக் கொடுக்கும் எங்கள் கம்பெனியில், எழிலரசியின் பிள்ளை வயிற்றிலேயே கலைந்துபோன வாரத்திலிருந்து, சொன்ன சொல் சொன்ன இடத்திலேயே நிற்க ஆரம்பித்தது.

முதலில் நின்றது சூப்பர்வைசர் நாகபூஷணத்தின் சொல். அன்று காலையிலிருந்தே எழிலரசிக்கு இடுப்பு வலி. தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, சார், ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஒரு மாதிரி இருக்குது என்று கேட்டாள். அவர் கையில் இருந்த ஷூவின் நாக்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமலே, "பொணமா விழுந்தாலும் டார்கெட்ட முடிச்சிட்டு விழு" என்றார். அவள் உட்கார்ந்தாள், தைத்தாள், சாப்பாட்டு மணிக்கு எழுந்திருக்கும்போது நாற்காலி நனைந்திருந்தது. கம்பெனி வண்டியில் அவளைக் கொண்டுபோனார்கள். மறுநாள் தரையைத் துடைக்க வந்த பெண் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிமிர்ந்தபோது, அவள் காதருகே நாகபூஷணத்தின் குரல், அதே நிதானத்தில், அதே அலுப்பில், பொணமா விழுந்தாலும் டார்கெட்ட முடிச்சிட்டு விழு என்றது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. துடைப்பத்தை அங்கேயே சாய்த்து வைத்துவிட்டு, போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதித் தரையைத் துடைத்தாள்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக நின்றது. எல்லாச் சொல்லும் நிற்கவில்லை. நூல் தீர்ந்துபோச்சு, ஊசி குடு, மணி என்ன, இதெல்லாம் உலகத்தில் எங்கும் போவதுபோலப் போய்விட்டன. நெஞ்சிலிருந்து கிளம்பி வந்த சொல்தான் நின்றது. அது கோபமோ, பயமோ, ஆசையோ. ஆனால் எது நெஞ்சிலிருந்து வருகிறது என்று பேசுகிறவருக்கே முன்கூட்டித் தெரியாததால், வாயைத் திறக்கும் முன் எல்லோரும் சொல்லை ஒருமுறை நாக்கிலேயே புரட்டிப் பார்த்தோம். சொன்னவரின் வாய் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில் சொல் நின்றது. நம் தலை அந்த இடத்துக்குப் போனால், சிலந்தி நூல் முகத்தில் படுவதுபோல அது காதில் படும், தாண்டினால் கேட்காது. கம்பெனியின் மதிலுக்கு வெளியே ஒரு சொல்லும் நிற்கவில்லை.

ஒரு மாதத்துக்குள் நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம். உயரமான பெண்கள் இரண்டாம் லைன் முனையில் குனிந்து போனார்கள், ஏனென்றால் அங்கே நாகபூஷணம் எங்கள் தாய்மார்களைப் பற்றிச் சொன்ன ஒன்று நின்றது. தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு ஆண்குரல், நாளைக்கும் இந்தப் புடவையிலேயே வருவியா என்று யாரையோ கேட்டுக்கொண்டு நின்றது. அது யார் குரல் என்று எங்களுக்குத் தெரியும், யாரிடம் என்றும் தெரியும், ஒருவரும் வெளியே சொல்லவில்லை. நிர்வாகம் மேலே பெரிய காற்றாடிகளை மாட்டியது. நூல் துணுக்குகள் பறந்தன, சொற்கள் அசையவில்லை. மாரியம்மன் கோவில் பூசாரியைக் கூட்டி வந்து எலுமிச்சம்பழம் வெட்டினார்கள். பெரிய மசூதியிலிருந்து ஹஜ்ரத் வந்து தெற்கு மூலையில் நின்று துவா ஓதினார். அந்த துவா அங்கேயே நின்றுவிட்டது. பிறகு தலைவலி வந்தவர்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும், ஒரு நிமிஷம் அந்த மூலையில் போய் நின்றுவிட்டு வந்தார்கள்.

வெளிநாட்டுக் கொள்முதல்காரர் ஒருவர் பார்வையிட வந்தபோது, மூன்றாம் லைனில் எழிலரசியின் மெஷின் அருகே அவர் தலை சரியாக அந்த உயரத்துக்கு வந்தது. நின்று கேட்டார். இது என்ன என்று மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் கொஞ்சமும் தயங்காமல், எங்கள் ஊர் வாழ்த்து, வேலை நல்லபடியாக முடிய வேண்டும் என்று சொல்வது என்றார். அந்த மனிதர் எழிலரசியின் காலி நாற்காலியைப் பார்த்துக் கைகூப்பினார். நாங்கள் தலை குனிந்து தைத்தோம். அன்றைக்குத்தான், நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமலே, இதற்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும்.

செய்தவள் பூங்காவனம். நடு லைனில் தைக்கிறவள், பேச்சு குறைவு, கணவனை இழந்தவள், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்குப் போவதாகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறிப் பக்கத்து டவுனில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போனாள். அங்கே கலைமதி என்ற பெண் இருந்தாள். தோல் தொழிலாளர்களுக்காகக் கோர்ட்டுக்கும் தொழிலாளர் அலுவலகத்துக்கும் அலைகிறவள். பூங்காவனம் எழிலரசியின் கதையைச் சொன்னாள். கலைமதி முழுவதையும் கேட்டுவிட்டு, "கர்ப்பிணிக்கு லீவு குடுக்கறது அவங்க தயவு இல்லக்கா, சட்டம். கக்கூசுக்குப் போக உடறதும் சட்டம். ஆனா நீங்க ஒருத்தரா போயி கேட்டா உங்களத்தான் அனுப்புவாங்க" என்றாள்.

"சங்கம் வெச்சா மட்டும் அனுப்ப மாட்டானா?"

"அனுப்பக் கூடாது. சங்கத்துல சேந்ததுக்காக ஒருத்தர வேலைய உட்டு எடுக்கறது தப்புன்னு சட்டமே சொல்லுது. அனுப்பவே மாட்டான்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அனுப்பிட்டா சண்ட போட வழி இருக்குது, அவ்ளோதான்."

பொய் சொல்லாததால் பூங்காவனத்துக்கு அவளைப் பிடித்துப்போனது. கலைமதி விவரமாகச் சொன்னாள்: ஏழு பேர் கையெழுத்துப் போட்டுப் பதிவாளருக்கு மனுக் கொடுக்க வேண்டும், ஆனால் ஏழு பேர் மட்டும் போதாது, வேலை செய்கிறவர்களில் பத்தில் ஒருவராவது உறுப்பினராகச் சேர்ந்திருக்க வேண்டும், கூட்டம் போட்டு, சங்கத்துக்குப் பெயரும் விதிகளும் பொறுப்பாளர்களும் முடிவு செய்ய வேண்டும், மனுப் போனதும் அலுவலகத்திலிருந்து சரிபார்க்க ஆள் வருவார்கள். "மனுக் குடுக்கற வரைக்கும் அந்த ஏழு பேரு யாருன்னு கம்பெனிக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த ஏழு பேரையும் முதல்ல கழட்டி உட்டுருவாங்க. மத்தவங்க தானா பயந்து ஒதுங்கிடுவாங்க."

ஏழு பேரைச் சேர்ப்பது கஷ்டமாக இருக்கவில்லை. வேலைக்குத் திரும்பி வந்திருந்த எழிலரசி கேட்டவுடனே சரி என்றாள், மற்ற ஐந்து பேரும் ஊர்த் தெருவிலும் ரேஷன் கடையிலும் கோவில் கூழ் வார்த்தலிலும் சேர்ந்தார்கள். பத்தில் ஒருவரைச் சேர்ப்பதுதான் நகரவில்லை. அதற்குப் பசை போடும் பிரிவு வேண்டும். பசைப் பிரிவுக்கு தில்ஷாத் வேண்டும். தில்ஷாத் உட்கார் என்றால் அந்தப் பிரிவே உட்காரும். எழுந்திரு என்றால் எழுந்திருக்கும். ஆனால் அவளை வெளியே பிடிக்க முடியவில்லை. காலையில் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து கேட்டில் இறக்குவான், மாலையில் கேட்டிலேயே ஏற்றிக்கொண்டு போவான். செல்போன்களை வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொள்வார். அவளுக்குப் படிக்கத் தெரிந்தது உருது மட்டும். பூங்காவனத்துக்கு எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும்.

ஆகவே அது பெண்கள் கழுவறையில்தான் நடக்க வேண்டியிருந்தது.

மறுநாள் வெளிநாட்டு ஆய்வுக் குழு வருவதாக இருந்ததால் அன்று காலையிலிருந்தே எல்லோரும் பதற்றத்தில் இருந்தோம். டீ இடைவேளையில் பூங்காவனம் கண்காட்ட, தில்ஷாத் வந்தாள். கழுவறையில் ஐந்து குழாய்கள் வரிசையாக இருக்கும். நடுவில் இருந்த மூன்றாவது குழாயடியில் இருவரும் நின்றார்கள்.

"சேரச் சொல்றே. யார் யாரு இருக்கறாங்கன்னு சொல்லு" என்றாள் தில்ஷாத்.

"அத மட்டும் இப்ப கேக்காத. நிக்கும் தெரியுமில்ல, சொன்னா நிக்கும்."

"பூங்காவனம், நான் முன்ன வேல செஞ்ச தோல் ஷாப்புல ஸ்ட்ரைக்குன்னு சொல்லி எங்கள முன்னால தள்ளினாங்க. மூணாவது நாளு திரும்பிப் பாத்தா தலைவருங்க ஒருத்தரும் இல்ல. எங்க பொண்ணுங்கள நான் மறுபடி அப்படி உட மாட்டேன். யாரு பக்கத்துல நிக்கறேன்னு தெரியணும். இல்லன்னா உடு, நான் போறேன்."

அவள் போகத் திரும்பினாள். பூங்காவனம் அவள் கையைப் பிடித்தாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம் சுவரெல்லாம் இரைந்தது. தில்ஷாத்தின் காதருகே குனிந்து, ஏழு பெயரையும், தன் பெயரை முதலாகவும் எழிலரசியின் பெயரைக் கடைசியாகவும் வைத்து, மெல்லச் சொன்னாள். தில்ஷாத் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினாள். "நாளைக்கு எங்க ஆளுங்க எல்லாம் சேருவாங்க" என்றாள். பூங்காவனம் குழாயை மூடினாள்.

தண்ணீர் நின்றது. பெயர்கள் ஓயவில்லை.

பூங்காவனத்தின் குசுகுசுப்பு, தண்ணீர் இரைச்சலே இல்லாமல், தெளிவாக, பூங்காவனம் என்று தொடங்கி எழிலரசி என்று முடிந்து, மூச்சு வாங்கி மறுபடி பூங்காவனம் என்று தொடங்கியது. அவள் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு நெஞ்சோடு எதையும் சொன்னதில்லை போல.

அப்போதுதான் ஒலிபெருக்கியில், மனிதவளப் பிரிவு ஷர்மிளா மேடம் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வுக்காகக் கழுவறைகளைப் பார்வையிடுவார், சுத்தமாக வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள்.

அடுத்த ஒரு மணி நேரம் நாங்கள் செய்யாதது ஒன்றுமில்லை. ஃபினாயில் ஊற்றினோம். துண்டை வீசி விசிறினோம். ஒருத்தி அந்த இடத்தில் ஊதுவத்தி கொளுத்தினாள், புகை பெயர்களுக்குள் நுழைந்து வெளியே வந்தது. எழிலரசி அங்கே போய் நின்று, இரண்டு கைகளாலும் காற்றைப் பிடித்துப் பிடித்துக் கீழே அழுத்தினாள், மாவு பிசைகிற மாதிரி. அவள் பெயரே அவள் விரல்களுக்கு நடுவில் ஒலித்துக்கொண்டிருந்தது. கழுவறைக்கு அடிக்கடி போனால் நாகபூஷணம் கேட்பார் என்பதால் இரண்டு இரண்டு பேராகத்தான் போக முடிந்தது. மற்றவர்கள் மெஷின் முன்னால் உட்கார்ந்து, தையல் கோணலாகப் போவதைக் கவனிக்காமல், கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கதவுக்குள் அம்சவேணி போனாள்.

அம்சவேணி செக்கிங் மேஜையில் இருப்பவள். நாகபூஷணத்தின் மனைவிக்குத் தங்கை. அவர் வீட்டிலேயே தங்கி, அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வேலைக்கு வருவாள். அவள் சாப்பாட்டு அறைக்குள் வந்தால் எங்கள் பேச்சு அடங்கிவிடும். அவள் தனியாகத்தான் சாப்பிடுவாள். அவளிடம் யாரும் சண்டை போட்டதில்லை, யாரும் ஊறுகாய் கேட்டதும் இல்லை.

உள்ளே அந்த நேரத்தில் யாரும் இல்லை. அவள் போனது தெரிந்து பூங்காவனம் பாதியில் எழுந்தாள். நாகபூஷணம் திரும்பிப் பார்க்க, மறுபடி உட்கார்ந்தாள். அம்சவேணி நெடுநேரம் வரவில்லை. அவ்வளவு நேரம் ஆகிறதென்றால் மூன்றாவது குழாயடியில்தான் நிற்கிறாள், திரும்பத் திரும்பக் கேட்டு மனப்பாடம் செய்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம். வெளியே வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள், முன்நெற்றி முடி நனைந்திருந்தது. நேராக நாகபூஷணம் நின்ற பக்கம் நடந்தாள். எழிலரசி மெஷினில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினாள். அம்சவேணி அவரைத் தாண்டிப் போய், தன் மேஜையில் உட்கார்ந்து, ஒரு ஷூவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பார்த்தாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும் பூங்காவனம் ஓடினாள். தில்ஷாத்தும் நாங்கள் சிலரும் பின்னால் ஓடினோம். மூன்றாவது குழாயடியில் அதே குசுகுசுப்பு, அதே ஏழு பெயர். எழிலரசி என்று முடிந்தது. ஆனால் மூச்சு வாங்கவில்லை. அதை ஒட்டி, இன்னொரு குரல், கொஞ்சம் கரகரப்பாக, அழுகையை விழுங்கின குரல்:

"அம்சவேணி. என்ன மட்டும் ஏன் யாரும் கேக்கல?"

பூங்காவனம் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு தில்ஷாத் புர்காவின் முகத்துணியைத் தூக்கிவிட்டு, அந்த இடத்துக்கு முன்னால் போய், யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி, "தில்ஷாத் பேகம்" என்றாள். அதுவும் நின்றது.

அந்தச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவரும் டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. பசைப் பிரிவு வந்தது, வெட்டும் பிரிவிலிருந்த பெண்கள் வந்தார்கள், தரையைத் துடைக்கிறவள் வந்தாள். பேக்கிங்கில் இருந்த ஒடிசாப் பெண்கள், எதற்கென்று சைகையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, தங்கள் பெயரோடு தங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். சங்கம் வேண்டாம் என்று நேற்றுவரை சொன்னவர்கள் வந்தார்கள். சிலர் இன்னமும் வேண்டாம் என்றார்கள், ஆனாலும் பெயரைச் சொன்னார்கள், ஏழு பேர் மாட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்றார்கள். சிலர் வரவே இல்லை. சாப்பாட்டு அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன, அவர்களை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சிலிருந்து வராத பெயர் நிற்காதே என்ற பயம் எங்களுக்கு இருந்தது. எல்லாப் பெயரும் நின்றது. உயரமானவர்கள் பெயர் மேலே, குட்டையானவர்கள் பெயர் கீழே, குரலின்மேல் குரலாக, அடைமழை கூரையில் இறங்குகிற மாதிரி.

ஷர்மிளா மேடம் வந்தபோது நாங்கள் எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தோம். நாகபூஷணம் கழுவறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். மேடம் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கையில் திறந்த பேனாவோடு வெளியே வந்தார். காதை ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

"என்ன மேடம், என்ன சொல்றாங்க உள்ள?"

"பேர் சொல்றாங்க."

"யார் பேரு? சொல்லுங்க, இப்பவே கூப்புடறேன்."

"எல்லார் பேரும்" என்றார் ஷர்மிளா. "ஒண்ணக் கேக்கறதுக்குள்ள பத்து வருது. எதப் பிரிச்சு எழுதறது?"

நாகபூஷணம் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஊசியைப் பார்த்தோம். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "எங்க ஊட்டுப் பொண்ணு பேரு இல்லியே?" என்றார்.

ஷர்மிளா பேனாவை மூடினார். பதில் சொல்லாமல் போனார். பதில் சொல்லியிருந்தால் ஒருவேளை நாகபூஷணத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் செக்கிங் மேஜைக்கு நடந்தார். அத்தனை மெஷினும் நின்றது.

"நீ உள்ள போனியா?"

"போனேன் மாமா."

"இன்னா சொன்ன?"

அம்சவேணி கையிலிருந்த ஷூவை மேஜையில் வைத்தாள். "என் பேர சொன்னேன்."

அவர் கையை ஓங்கினார். இத்தனை கண்களுக்கு நடுவில் ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், மேஜையிலிருந்த ஷூவை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

அன்றே கழுவறைக்குப் பூட்டுப் போட்டார்கள். ஆய்வுக் குழுவுக்கு, குழாய் வேலை நடக்கிறது என்றார்கள். நாங்கள் காலையில் தண்ணீர் குடிக்காமல் வந்தோம், மாலைவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். இரண்டு பேருக்கு ஜுரம் வந்தது. ஆனால் பசைப் பிரிவு முழுக்கச் சேர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையார் கோவில் பின்னாலிருந்த புளியந்தோப்பில் கூட்டம் போட்டோம். பூங்காவனத்தைத் தலைவராகவும் தில்ஷாத்தைச் செயலாளராகவும் தேர்ந்தெடுத்தோம். திங்கட்கிழமை கலைமதி மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பூட்டின கழுவறைக்காகத் தனியாக ஒரு புகாரும் கொடுத்தாள். நிர்வாகம் உடனே பதில் மனுப் போட்டது: எங்கள் தொழிலாளர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், வெளியாட்கள் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், இப்படி ஒரு சங்கம் இல்லவே இல்லை.

அதனால் தொழிலாளர் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி சரிபார்க்க வந்தார். முதலில் கழுவறைப் பூட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே போய், மூன்றாவது குழாயடியில் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்று கேட்டார். வெளியே வந்ததும் பூங்காவனம் ஆசையோடு, "கேட்டீங்களா மேடம்? எல்லாரும் இருக்கறாங்க" என்றாள்.

"கேட்டேன்மா." அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஆனா காத்துல நிக்கற பேர நான் எழுதிக்க முடியாது. சட்டத்துல அதுக்கு இடமில்ல. ஆள் நேர்ல வரணும். என் முன்னால நின்னு, ஆமா நான் உறுப்பினர்தான்னு சொல்லிக் கையெழுத்துப் போடணும்."

சாப்பாட்டு அறையில் மேஜை போட்டார்கள். மேனேஜரும் நாகபூஷணமும் சுவரோரம் நாற்காலியை இழுத்தார்கள். அதிகாரி, நீங்கள் வெளியே இருங்கள் என்றார். வெளியே போனார்கள், ஆனால் அந்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருவரும் நின்று, உள்ளே யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி பேனாவை மேஜைமேல் வைத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

கழுவறைக்குள் பெயர் சொல்லும்போது எல்லோரும் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்றோம். இங்கே மேஜைக்கும் பெஞ்சுக்கும் நடுவில் வெறுந்தரை. அதைத் தனியாகக் கடக்க வேண்டும், பத்தடிகூட இருக்காது. பூங்காவனம் எழுந்திருக்க நினைத்தாள், அவள் கால் கேட்கவில்லை. பிறகு எங்களிடம் அப்படித்தான் சொன்னாள், இரண்டு பெண்பிள்ளைகளும் ஆளுக்கொரு முட்டியில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் லேசாகச் சிரித்தார்.

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. எழிலரசி. மெலிந்துபோயிருந்தாள். மேஜைக்குப் போனாள். "எழிலரசி, தையல், மூணாம் லைன். உறுப்பினர்தான் மேடம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுத் திரும்பி வந்து உட்காரவில்லை, மேஜைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

அடுத்து தில்ஷாத் எழுந்தாள். "உருதுலதான் போடுவேன். செல்லுமா?"

"எந்த எழுத்துல போட்டாலும் உங்க கையெழுத்துதான்மா" என்றார் அதிகாரி.

பிறகு பெஞ்சுகள் சேர்ந்து நகர்ந்தன. பூங்காவனத்தின் கால் எப்போது கேட்டது என்று அவளுக்கே தெரியவில்லை, வரிசையில்தான் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் அம்சவேணி நின்றாள். கையெழுத்துப் போடும் முன் அம்சவேணி நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அவள் அக்காவின் கணவர் அந்தப் பக்கம் நின்று, வாயை மட்டும் அசைத்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை, அவளுக்குப் புரிந்தது. போட்டாள்.

சங்கத்தின் பதிவுச் சான்றிதழ் தை பிறந்து வந்தது. நடுவில் எழிலரசியையும் பசைப் பிரிவில் ஒருத்தியையும் காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து நிறுத்தினார்கள்; பசைப் பிரிவுக்காரி திரும்பி வந்துவிட்டாள், எழிலரசியின் வழக்கு இன்னும் நடக்கிறது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் எங்களில் யாராவது அவளோடு போகிறோம். கழுவறைக்குப் பூட்டில்லை. நிர்வாகம் எங்களோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தபோது மேனேஜர் ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் மூன்று முறை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டார். கர்ப்பிணிகளுக்குச் சட்டப்படி லீவு என்று அவர் சொன்னது அந்த மேஜைக்கு மேலே நிற்கிறதா என்று புதிதாக வருகிறவர்கள் போய்க் கேட்டுப் பார்க்கிறார்கள். நிற்கவில்லை. அதனால்தான் அதைக் கையெழுத்தாக வாங்கி வைத்திருக்கிறோம்.

அதெல்லாம் பிறகு. கையெழுத்துப் போட்ட அன்று மாலை, ஷிப்ட் முடிந்து நாங்கள் கேட்டைத் தாண்டி வந்தபோது, நெடுஞ்சாலையோரம் பஸ் நிறுத்தத்தில் அம்சவேணி தனியாக நின்றிருந்தாள். காலடியில் துணி திணித்த ஒரு பெரிய பை. அவள் அக்காவே அந்தப் பையை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டிருந்தாள்.

நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். வருஷக்கணக்காகப் பேசாதவளிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பூங்காவனம் மட்டும் போனாள்.

"எங்க போற?"

"தெரியலக்கா. அம்மா ஊட்டுக்குப் போலாம். அங்க இருந்து வேலைக்கு வர முடியாது."

லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பூங்காவனம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அது போகும்வரை காத்திருந்தாள்.

"நான் உன்ன தப்பா நெனச்சிட்டேன்" என்றாள். "நீ உள்ள போனப்ப, முடிஞ்சிச்சி எல்லாம்னு நெனச்சேன். ஏழு பேர எண்ணினேன், உன்ன எண்ணவே இல்ல. எங்கூட வந்து இரு. எடம் சின்னதுதான். பொண்ணுங்க ரெண்டு பேரும் தூக்கத்துல ஒதைப்பாளுங்க."

அம்சவேணி பையை எடுக்கவில்லை. கம்பெனி மதிலைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு தாங்கள் நின்ற வெட்டவெளியைப் பார்த்தாள். இங்கே பஸ் வரும், போகும். சொன்னது எதுவும் நிற்காது.

"இன்னொரு தரம் சொல்லுக்கா" என்றாள்.

பூங்காவனம் குனிந்து பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்து, மறுபடி முதலிலிருந்து, ஒரு சொல்லும் விடாமல் சொன்னாள்.